இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுப் பிள்ளையைச் சேர்த்தால், சேர்க்கைப் பதிவேட்டில் அது ஒன்றாம் வகுப்பு என்று பதிவாகிறது. ஆனால் அந்தப் பிள்ளை போய் உட்காரும் இடத்தில் ஒன்றாம் வகுப்பு என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஓர் அறையில், ஓர் ஆசிரியரிடம். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். தமிழ்நாட்டின் எத்தனையோ சிற்றூர்களில் பள்ளிக்கூடம் என்றால் இதுதான். வகுப்பு என்பது பாடநூலின் அட்டையில் இருக்கிறது, மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது, கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் இருக்கிறது. அறைக்குள் மட்டும் இல்லை. நாடு முழுவதும் ஊரகப் பள்ளிகளைச் சென்று பார்க்கும் அசர் ஆய்வு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேறு வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் தொடக்கப் பள்ளிகளே பாதிக்கும் மேல் என்று சொல்லிவருகிறது. பாதிக்கும் மேல் இருப்பதை விதிவிலக்காக எண்ணிக்கொண்டுதான் நாம் கல்வியைப் பற்றிப் பேசிவருகிறோம்.

எங்கோ ஆள் பற்றாமல் போனதால் நேர்ந்த தற்காலிக ஏற்பாடு என்று இதைச் சொல்லிவிட முடியாது. இது சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, அதற்கு மேல் 200 வரை ஐந்து. ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆக, ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் வேண்டுமென்றால் ஊரில் 121 பிள்ளைகளைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அது வாய்க்காத ஊர்களில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேரும் இரண்டு அறைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதே அட்டவணை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்றும் வரையறுக்கிறது. மூன்று வகுப்புகளை வைத்திருக்கும் ஆசிரியர் அந்த நேரத்தை நேர்மையாகப் பிரித்தால், ஒரு வகுப்புக்கு 267 மணி கூடக் கிடைக்காது. மிச்ச நேரத்துக்கு நாம் சுயகற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சட்டம் இப்படி ஒரு பள்ளியைக் கற்பனை செய்ய, பாடநூல் வேறொரு பள்ளியைக் கற்பனை செய்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நூல். மூன்று பருவங்களுக்கும் தனித்தனித் தொகுதி. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், இந்த ஒரு வகுப்பு மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசிரியர் கேட்கத்தக்க கேள்விகள். ஆசிரியர் பயிற்சியில் எழுதப்படும் பாடக்குறிப்பும் அப்படித்தான்: ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பாடவேளை. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் பல்வகுப்புக் கற்பித்தல் என்று ஓர் அலகு வரலாம். தேர்வுக்கு அதைப் படிப்பார்கள். பிறகு வேலை கிடைத்து முதல் நாள் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் கதவைத் திறக்கும் இளம் ஆசிரியை, தான் பயின்ற தொழிலும் தனக்கு வாய்த்த தொழிலும் வேறு வேறு என்பதை உணவு இடைவேளைக்குள் தெரிந்துகொள்கிறார்.

அந்தத் தொழிலின் நுணுக்கம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. காலை உணவும் வழிபாட்டுக் கூட்டமும் முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்ததும் ஆசிரியர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, யாருக்குப் பாடம் என்பதைவிட யாருக்கு வேலை என்பதுதான். மூன்றாம் வகுப்புக்குப் பத்து நிமிடம் ஓடக்கூடிய ஒரு வேலையை முதலில் கொடுத்துவிட வேண்டும். அடுத்து இரண்டாம் வகுப்புக்கு. அதன் பிறகே ஒன்றாம் வகுப்போடு உட்கார முடியும், ஏனென்றால் அவர்களைத் தனியாக விட முடியாது. வரிசையை மாற்றினால் ஒன்றாம் வகுப்பில் ‘அம்மா’ எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையில் அடிதடி தொடங்கிவிடும். கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். வாய்விட்டுச் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் வைக்கக் கூடாது என்பது அனுபவம் கற்றுத்தரும் விதி. ஒரு வகுப்பு உரக்கப் படிக்கும்போது மற்றொன்று கணக்குப் போட வேண்டும், மூன்றாவது படம் வரைய வேண்டும். கால அட்டவணை என்பது இங்கே பாடங்களின் பங்கீடாக இருப்பதைக் காட்டிலும் சத்தத்தின் பங்கீடாகவே இருக்கிறது.

சில பாடங்கள் பிரிக்காமல் விடும்போதுதான் நன்றாக வருகின்றன. தண்ணீர் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டில் தண்ணீர் எதற்கெல்லாம் ஆகிறது என்று சொல்லலாம், இரண்டாம் வகுப்பு ஊர்க் குளத்தையும் ஆழ்துளைக் கிணற்றையும் வரைந்து பெயர் எழுதலாம், மூன்றாம் வகுப்பு சித்திரையில் குளம் ஏன் வற்றுகிறது என்று நான்கு வரி எழுதலாம். பேச்சு ஒன்று, வேலை மூன்று. கதையும் பாட்டும் இப்படியே. கணக்கில் இது செல்லாது. கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளையிடம் வகுத்தலைப் பற்றிப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. எந்தப் பாடத்தைச் சேர்த்து நடத்துவது, எதைப் பிரித்து நடத்துவது என்ற தெளிவு ஓர் ஆசிரியருக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. வந்த பிறகு அது அவருக்கு மட்டுமே சொந்தம். எழுதி வைக்கப்படாமல் அவரோடு பணிமாறுதலில் போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது, முடித்துவிட்ட பிள்ளை. ‘டீச்சர், முடிச்சிட்டேன்’ என்று ஒரு குரல் எழும்பும்போது, அடுத்து அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்பதில்தான் அறையின் ஒழுங்கு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாசிப்பு மூலை ஒன்று இருந்து, அதில் பிரித்துப் பார்க்கக்கூடிய நிலையில் புத்தகங்களும் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் பெரும்பாலும் நடப்பது, ‘போய் அவனுக்குச் சொல்லிக் கொடு’.

இந்த வாக்கியத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு என்ற பேச்சே இருந்ததில்லை. மணலில் எழுத்துப் பழகுகிறவனும் ஓலையில் கணக்கு எழுதுகிறவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்லித் தந்தான். ஆசிரியரான அண்ணாவி இல்லாத நேரத்தில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஆண்டான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அந்த முறைக்கு இணங்காதபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அது நடந்தது. ஊர் திரும்பியவர் 1797-இல் இதை நூலாக வெளியிட, மாணவரை மாணவரே நடத்தும் ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான தேவாலயப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இயங்குகிறது.

பெல்லின் முறை அங்கே விரும்பப்பட்டதன் முக்கியக் காரணம் அது மலிவானது என்பதுதான். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவு. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது நம் திண்ணையைப் பற்றியும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. வயதும் அறிவும் கலந்து உட்கார்ந்த அந்தத் திண்ணையில் சாதி கலந்து உட்காரவில்லை. தலித் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை, பெண் பிள்ளைகள் அரிது. ஆகவே பழைய முறையின் பெருமையைப் பேசி இன்றைய ஈராசிரியர் பள்ளிக்கு மரபு தேடித் தருவது நேர்மையாகாது. அன்று உள்ளே விடப்படாதவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகளே இன்று அந்தப் பள்ளிகளில் பெருமளவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வயதுக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு ஓர் அறை என்பது உலகில் அவ்வளவு பழைய ஏற்பாடு கிடையாது. பிரஷ்யாவிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த அமைப்பில் 1847-இல் பாஸ்டனில் குவின்சி பள்ளி திறக்கப்பட்டது அமெரிக்கக் கல்வி வரலாற்றில் ஒரு தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் திரள்திரளாக வந்துசேர்ந்த நகரங்களுக்கு அது பொருந்தியது. நம்மிடம் அது பள்ளி ஆய்வாளரோடு வந்தது; வகுப்புவாரியாகத் தேர்வு வைத்து, தேறியவர்களின் எண்ணிக்கைப்படி மானியம் கொடுத்த காலத்தில் வகுப்பு என்பது கணக்கு வைப்பதற்கான அலகாக வேரூன்றியது. பிள்ளைகள் அந்த அலகுக்குள் எப்போதும் அடங்கியதில்லை. ஐந்தாம் வகுப்பு என்று தனியறையில் முப்பது பேரை உட்கார வைத்தாலும், அவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறிப் படிப்பவர் சிலர் இருப்பார்கள், ஏழாம் வகுப்புக்குத் தயாரானவர் ஒருவர் இருப்பார். எல்லா வகுப்பும் சேர்ந்த வகுப்பே. ஈராசிரியர் பள்ளியில் அது கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற இடங்களில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டின் அரசியல் நினைவில் தொடக்கப் பள்ளிக்குப் பெரிய இடம் உண்டு. ஆசிரியரையும் கட்டடத்தையும் கூட்டாமல் நாளை இரண்டாகப் பிரித்து, பாதி நாள் பள்ளி, பாதி நாள் குலத்தொழில் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை 1954-இல் காமராஜர் கைவிட்டார். அதன் பின் வந்த ஆண்டுகளில் பள்ளியே பார்த்திராத ஊர்களில் பள்ளி வந்தது. பல இடங்களில் ஓர் ஆசிரியரோடுதான் வந்தது. ஓர் ஆசிரியர், ஒரு கூரை, ஐந்து வகுப்பு. எதுவுமே இல்லாத இடத்தில் அது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஓராசிரியர் பள்ளி ஈராசிரியர் பள்ளியாக வேண்டும் என்பதை ஒரு தேசிய இலக்காக 1987-இல் கரும்பலகைத் திட்டம் அறிவித்தது: எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். குறைந்தது என்று அன்று எழுதியது இத்தனை ஆண்டுகளில் அப்படியே அளவாகிப் போனது.

இந்த அறையை உள்ளபடி ஏற்றுக்கொண்டு அதற்கென்று ஒரு முறையை உருவாக்கும் முயற்சியும் நம்மிடம் நடந்திருக்கிறது. ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ராமா ராவும் உருவாக்கிய அட்டைமுறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் அதன் முன்னோடி. 2007-08-இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. பாடநூலைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. அட்டைகளின் வரிசையைச் சுவரில் ஓர் ஏணிப்படமாக மாட்டிவைத்தார்கள். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சின்னத்துக்குரிய குழுவில் போய்ப் பாயில் உட்கார்ந்தது. ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுக்க உதவுவார், ஒன்றுக்குப் பாதி, இன்னொன்றில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர், மற்றொன்றில் தனியாக. நாற்காலி ஓரமாகப் போனது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். பத்து நாள் காய்ச்சலில் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். இது ஒன்றுக்காகவே அந்த முறையை மதிக்கலாம்.

அந்த ஏற்பாட்டின் பலவீனங்கள் சீக்கிரமே வெளிப்பட்டன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன; ஒரு படியின் அட்டை இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகும் வழி அடைபட்டது. ஏணியின் நீளம் ஓர் ஆண்டுக்குள் அடங்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்களால் நாள் முழுவதும் தரையில் உட்கார முடியவில்லை. பெற்றோர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள், அது புதிதாகவே இருந்தது. ‘பாடமே நடத்துறதில்லை’ என்றார்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளி மஞ்சள் நிறப் பேருந்து அனுப்பும் பள்ளியில் வீட்டுப்பாடம் நோட்டு முழுக்க இருந்தது. ஆட்சிகள் மாறின, முறை எளிமையாக்கப்பட்டது, பிறகு மெல்ல மறைந்தது. இது தோற்றதா, தோற்கும் வரை விடாமல் பார்த்துக்கொள்ளப்பட்டதா என்பதில் எனக்குத் தெளிவான முடிவு இல்லை. ஆனால் சேர்ந்த வகுப்பு என்பதை ஒரு விபத்தாக நினைக்காமல், அதையே அடிப்படையாக வைத்து இந்த மாநிலம் ஒருமுறை யோசித்தது என்பது உண்மை.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி. மூன்றாம் வகுப்பிலிருக்கும் அரும்பும் ஒன்றாம் வகுப்பிலிருக்கும் மலரும் ஒரே அறையில் இருப்பதை அது ஒளிக்கவில்லை. இதற்கான பயிற்சி, பயிற்சி நூல், மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவது எல்லாம் உண்டு. ஏற்றும் வேலையும் அந்த 800 மணிக்குள்தான் நடக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்காகக் குறுவள மையத்துக்கோ, கூட்டத்துக்காக வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போகும் நாளில் மற்றவரிடம் ஐந்து வகுப்பும் வந்துசேர்கின்றன. பலநிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று ஒருவர் பயிற்சி பெறும் அதே நாளில்தான் மற்றவர் அதைப் பயிற்சி இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு அறையையும் இங்கே பார்த்துவிடலாம். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். மூன்று வயதிலிருந்து ஆறு வரை ஒரே அறை, ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரே அறை என்பது அவருடைய முறையின் அடிப்படை. மூத்த பிள்ளை இளையதற்குக் காட்டித் தர வேண்டும், இளையது மூத்ததைப் பார்த்துக் கற்க வேண்டும், ஆசிரியர் பின்னால் நின்று கவனிக்க வேண்டும். இன்று சென்னையிலும் கோவையிலும் அந்த அறைக்காகப் பெற்றோர் நல்ல கட்டணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். வயது கலந்திருப்பதால் போட்டி குறைகிறது, பொறுப்பு வளர்கிறது என்று அந்தப் பள்ளிகளின் விளக்கக் குறிப்பேடுகள் சொல்கின்றன; அது உண்மையும்கூட. அந்த அறையில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள், அலமாரி நிறையப் பொருள்கள் இருக்கும், கூட்டத்துக்குப் போய் அறை காலியாகும் நாள் இருக்காது. ஒரே ஏற்பாடு பணம் கொடுத்து வாங்கும்போது கல்விக் கொள்கையாகவும் இலவசமாகக் கிடைக்கும்போது ஆசிரியர் பற்றாக்குறையாகவும் நம் கண்ணுக்குப் படுகிறது.

இரண்டிலுமே பிள்ளைகளுக்கு நன்மை நடக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஊர்ப் பள்ளியின் அறையில் தம்பி ஒன்றிலும் அக்கா மூன்றிலும் இருப்பார்கள். அவன் அழுதால் அவள் பார்த்துக்கொள்வாள், அவன் சளியைத் துடைப்பாள், அவன் எழுத்தைத் திருத்துவாள். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் பாடம் இந்த ஆண்டும் காதில் விழுகிறது, யாரும் அதைப் பின்தங்கியதாகச் சொல்லாமலே. வேகமான பிள்ளை தனக்கு உரியது வருவதற்கு முன்பே வாய்ப்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த அக்காவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவள் கெட்டிக்காரி, பொறுமைசாலி, கையெழுத்து நன்றாக இருக்கிறது; எனவே எல்லா நாளும் அவளே சொல்லிக் கொடுக்கிறாள். சொல்லிக் கொடுப்பதால் தெளிவு வரும் என்பது சரிதான், ஒரு கட்டம் வரை. அதற்கு மேல் அவள் சம்பளமில்லாத மூன்றாவது ஆசிரியை. வீட்டில் தம்பியைச் சுமந்தவள் பள்ளியிலும் தம்பிகளைச் சுமக்கிறாள், அதைப் பாராட்டிச் சுதந்திர தினத்தில் ஒரு பரிசும் தருகிறோம். பெல்லின் எட்டு வயதுப் பையனும் யாரிடம் கற்றிருப்பான் என்ற கேள்வி இங்கேயும் பொருந்தும்.

அறையில் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்பது தனிக்கதை, ஆனால் நாம் அனைவரும் வரும் கதை. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாம் நம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் முதலில் மாறுவது பிள்ளையின் பள்ளிதான். அப்படிச் செய்பவர்களில் அதே பள்ளியின் ஆசிரியர்களும் உண்டு. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி அரசே கட்டணம் தருவதற்கும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழியாகவும் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைக்கிறார்கள் என்பதைக் காரணம் காட்டிப் பெற்றோர் பிள்ளையை எடுக்கிறார்கள். எடுத்ததால் மூன்று வகுப்பு சேர்கிறது. ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாத அளவுக்கு ஒவ்வொருவரின் காரணமும் நியாயமாக இருக்கிறது. மிஞ்சுவது வேறு வழி இல்லாதவர்களின் பிள்ளைகள்: விவசாயக் கூலிகள், செங்கல் சூளைக்குப் போய்வருபவர்கள், தாத்தா பாட்டியிடம் விடப்பட்டவர்கள். 2019-இல் ஒரு பிள்ளையும் சேராத 40-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. படிக்க ஆள் இல்லாத இடத்தில் படிப்பதற்கான வசதி செய்து தரப்பட்டது.

சேர்ந்த வகுப்பை மறைக்காமல் கையாளும் நாடுகள் இருக்கின்றன. பெல் பிறந்த ஸ்காட்லாந்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் வகுப்புகளைச் சேர்ப்பது வழக்கம்; தனி வகுப்பென்றால் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளில் 33 பிள்ளைகள் வரை இருக்கலாம், சேர்ந்த வகுப்பென்றால் 25-க்கு மேல் போகக் கூடாது. வேலை கூடுதல் என்பதால் தலை குறைவு. இதைப் புரிந்துகொள்ளக் கல்வியியல் எதுவும் தேவைப்படாது. கொலம்பியாவில் எழுபதுகளில் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா என்ற திட்டம், மலைக் கிராமங்களின் ஓரிரு ஆசிரியர் பள்ளிகளுக்கென்றே பாட வழிகாட்டிகளை எழுதியது. நம்மிடம் ஒன்றும் இரண்டும் சேர்ந்து படிக்கத்தக்க ஒரு பாடநூலோ, இந்த ஆண்டு ஒரு தொகுதி, அடுத்த ஆண்டு மற்றொன்று என்று இரண்டு வகுப்புகளுக்கும் சுழலும் ஒரு சூழ்நிலையியல் பாடத்திட்டமோ எழுதுவதற்குப் பெரிய செலவு ஆகாது. அப்படி எழுதுவது, இந்தப் பள்ளிகள் இப்படியேதான் இருக்கப்போகின்றன என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதாகும். ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு நம்மிடம் நல்ல காரணமும் இருக்கிறது: ஒப்புக்கொண்டால் ஐந்து ஆசிரியர் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆசிரியர் சங்கங்கள் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்பது நியாயமே. அது கிடைக்கும் வரை அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதும் நியாயமே.

இதற்கிடையில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணிப் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். 61 பேர் இருந்தால் மூன்று ஆசிரியர்: ஒன்றும் இரண்டும் ஒருவரிடம், மூன்று ஒருவரிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஜூலையில் ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய், பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் எண்ணிக்கை 60 ஆகிறது. மூன்றாவது ஆசிரியர் உபரி என்று பட்டியலில் ஏறி, பணிநிரவல் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்குப் போகிறார். அவரிடமிருந்த மூன்றாம் வகுப்பு, பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்கு வருகிறது. அங்கே கரும்பலகையில் இன்னொரு கோடு போட்டாக வேண்டும்.